ஒடியாத ஆணி

உடைக்கவே முடியாத ஒரு பொருள் கையில் கிடைத்தால் அதை எந்தெந்த வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று கொப்பியில் பதினொரு பக்கம் எழுதி வைத்திருந்தவன் நான். அப்போது கெலிஓயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தற்காலிக மெக்கானிக். இறக்குமதி நின்று, தேய்ந்த நட்டுக்கு மாற்று நட்டுக்கூடக் கிடைக்காத காலம். நானோ மகாவலிக்குக் குறுக்கே தூணில்லாத பாலமும், ஆயுளுக்கும் தேயாத பேரிங்கும் வரைந்துகொண்டிருந்தேன்.

தேத்தண்ணி நேரத்தில் கொப்பியை வாசித்துக் காட்டுவேன். கேட்க இருந்த ஒரே ஆள் மடவளையிலிருந்து வந்துபோன எலக்ட்ரீஷியன். என் வயதுக்காரன், வாய் கொஞ்சம் நீளம்.

“நல்லம் மச்சான். ஒடைக்க ஏலாட்டி வெட்டவும் ஏலா, தொளைக்கவும் ஏலா. பொறகு எப்பிடி போல்ட் போட்டு இறுக்குற?”

பதினொரு பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை. “நீ ஒன் கரண்ட்ட மட்டும் பாரு” என்று கொப்பியை மூடினேன். பதில் தெரியாதபோது கோபம் வருவது என் பிறவிக் குணம்.

அந்த மாதக் கடைசியில் பெரிய இஞ்சினியர் வந்து என்னை நிரந்தரமாக்குவதா இல்லையா என்று முடிவு செய்ய இருந்தார். நிரந்தரமானால் தனிக் குவாட்டர்ஸ், உள்ளேயே தண்ணீர்க் குழாய். தோட்டத்து வரிசை வீடான லயத்தில், ஒற்றைக் காம்பராவிலேயே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்ட என் மனைவி, அந்தக் குழாயடியில் குடத்தை எந்தப் பக்கம் வைப்பது என்பதுவரை யோசித்து முடித்திருந்தாள்.

எனக்கிருந்த ஒரே தொல்லை, அரைத்த கொழுந்தை மேலே ஏற்றும் பெல்ட். மோட்டாரும் பெல்ட்டும் சேரும் இடத்தில் விரல் நீளப் பித்தளை ஆணி ஒன்று இருக்கும். எதுவும் சிக்கினால் அது ஒடியும், பெல்ட் நிற்கும். வாரத்துக்கு இரண்டு முறையாவது ஒடிந்தது. ஒடிந்த இரண்டு துண்டையும் கொடுத்தால்தான் சாமான் அறையில் புது ஆணி தருவார்கள். அது எங்கள் தொழிற்சாலை வழக்கம். அங்கிருந்தவர் துண்டுகளை ஒட்டிப் பார்த்துவிட்டு, நானே பல்லால் கடித்து ஒடித்ததுபோல என்னை மேலும் கீழும் பார்ப்பார்.

ஒரு சனிக்கிழமை மறுபடி ஒடிந்தது. இந்த முறை சாமான் அறைக்குப் போகவில்லை. பழைய லொறி எஞ்சின் ஒன்றில் கழற்றிய உருக்குத் தண்டோடு கண்டிக்கு பஸ் ஏறினேன். லேத் பட்டறையில் அதே அளவில் ஆணி கடைந்து, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து இறுக்கித் தந்தார்கள். பித்தளைத் துண்டுகளைக் கூலியோடு சேர்த்து அங்கேயே கொடுத்துவிட்டேன். இனி அவை எதற்கு? திங்கட்கிழமை காலை ஆணியை மாட்டிவிட்டு, கொப்பியில் பன்னிரண்டாவது பக்கத்தைத் தொடங்கினேன்.

இஞ்சினியர் வருவதற்கு முதல் நாள், கொழுந்தோடு ஒரு சாக்குத் துண்டு போய்ச் சிக்கியது. ஆணி ஒடியவில்லை. அதற்குப் பதிலாகக் கியர் பெட்டிக்குள் பற்கள் பொலபொலவென்று கொட்டின, பெட்டி வெடித்து எண்ணெய் ஒழுகியது. மற்றதெல்லாம் தப்புவதற்காகத்தான் அந்தப் பித்தளை ஒடிந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. தேயிலை சலிக்கும் அறைப் பெண்களை அரை நாள் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே வேலை செய்த என் மனைவியும் அவர்களோடு போனாள்.

இனி ஒரு பொய்தான் வழி. இரண்டு துண்டு ஆணியைக் காட்டி, ‘ஆணி ஒழுங்காக ஒடிந்தது, பெட்டிதான் பழசு’ என்று சொல்லிவிடலாம். ஆணியைக் கழற்றி வைஸ் பிடியில் இறுக்கி அறுத்துப் பார்த்தேன். மூன்று வாள் அலகு போயிற்று. சம்மட்டியால் அடித்தேன். வைஸின் வாய் கோணியது, ஆணி மினுங்கிக்கொண்டிருந்தது.

எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்தான். “மச்சான், நீங்க தேடின சாமான் கெடச்சிட்டு போல!”

மறுநாள் இஞ்சினியர் முதலில் கேட்டதே ஒடிந்த ஆணியைத்தான். முழு ஆணியை மேசையில் வைத்தேன்.

“நான்தான் சேர் செஞ்சேன்.”

அது ஒடிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அவர் அதை உருட்டிப் பார்த்தார். “அருமையான வேலை. இந்த இடத்துக்குத்தான் ஆகாது” என்றார். இன்னும் ஒரு வருடம் தற்காலிகம் என்று எழுதிவிட்டுப் போனார்.

வீட்டில் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. “சரிங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்துப் பொதுக் குழாய்க்குப் போகத் திரும்பினாள். குடத்தைப் பிடுங்கிக்கொண்டேன். என் சட்டைப் பையிலிருந்த ஆணியை அவள் எடுத்து, தேத்தண்ணிக்கு இஞ்சி நசுக்க உட்கார்ந்தாள். பன்னிரண்டு பக்கத்தில் நான் எழுதாமல் விட்ட உபயோகம் அது.

எங்கள் லயத்தில் ஆம்பிளை குடத்தோடு குழாயடி வரிசையில் நிற்பதில்லை. அந்த வருடம் முழுக்க நான் நின்றேன். முதல் நாள் முன்னாலும் பின்னாலும் நின்ற பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் ஆணியால் முந்தின நாள் அரைச் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள்தான். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.