தக்காளியில் வழுக்கிய கத்தி

எண்பதுகளின் கடைசியில் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் கத்தி செய்வேன். லேத் பட்டறையில் ஒடிந்துபோன பெரிய ரம்பப் பிளேடுதான் எனக்கு இரும்பு.

ஒரு கத்தியை மூன்று ஞாயிறு தேய்த்தேன். பனியன் வேஸ்ட் துணியில் பாலிஷ் சோப்பைத் தடவி இழுத்து இழுத்து, வெட்டும் விளிம்பு வரைக்கும் கண்ணாடியாக்கி, பெருமையாக மனைவியிடம் கொடுத்தேன். அவள் தக்காளியில் வைத்து இழுத்தாள். கத்தி வழுக்கிக்கொண்டு போனது.

“ஏனுங்க, மூஞ்சி நல்லாத் தெரியுதுங்க. தக்காளிதான் அறுக்க மாட்டேங்குது.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளோ பீங்கான் கப்பைக் கவிழ்த்து, அதன் சொரசொரப்பான அடி விளிம்பில் கத்தியை இரண்டு இழுப்பு இழுத்தாள். அடுத்த தக்காளி நசுங்காமல் இரண்டானது.

அதெப்படி? துணியில் கண்ணி எண்ணுகிற லென்ஸை எடுத்து விளிம்பைப் பார்த்தேன். வரிசையாகப் பொடிப் பொடிப் பற்கள். மூன்று ஞாயிறும் நான் உட்கார்ந்து தேய்த்தது இந்தப் பற்களை ஒழிக்கத்தான்.

அடுத்த கத்தியை விளிம்பில் பற்களை விட்டே தீட்டி, அவற்றைப் பார்த்துச் சொல்லட்டும் என்று லென்ஸோடு சேர்த்தே அவளிடம் நீட்டினேன். லென்ஸை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் கப்பைக் கவிழ்த்தாள்.