நகரத்தை விற்ற ரெஜினா அக்கா

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரெஜினா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கொளுத்தும் யூலை வெயிலில், கழுத்துவரை பொத்தான் பூட்டிய கம்பளிக் கோட்டும் பின்னல் தொப்பியுமாக, யாருடையதோ ஒரு வீட்டின் வெளிப்புற இரும்புப் படிக்கட்டில் நின்று இளித்துக்கொண்டிருந்தேன். படிகளில் சவர்க்கார நுரையை அடித்து, அதைப் பனி என்றார்கள். வெளிநாட்டிலிருந்து ஆட்களை வேலைக்கு இழுக்க எங்கள் நிறுவனம் போடும் புதிய விளம்பரம். வழக்கமான மொடல் வரவில்லை. படத்தில் ஒரு பழுப்பு முகம் கட்டாயம் வேண்டும். அன்று வேலைக்கு வந்து கந்தோரில் மிஞ்சியிருந்த பழுப்பு முகம் என்னுடையதுதான். தொப்பி பனிக்காக அல்ல, என் வழுக்கைக்காக.

கோட்டுப் பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. அக்காவின் கணவர் அன்ரன் அண்ணை.

"தம்பி, ரெஜினா விடியக்காலமை எங்களை விட்டிட்டுப் போட்டா."

கீழே நின்ற படப்பிடிப்பாளர், "ஆகா, அப்படியே நில்லுங்கள், அசையாதீர்கள்!" என்று பிரெஞ்சில் கத்தினார். அப்போது என் முகம் என்ன கோலத்தில் இருந்ததோ தெரியாது. அந்தப் படம்தான் தேர்வாகியிருக்கிறது. 'முதற்பனியின் வியப்பு' என்று தலைப்பும் வைத்துவிட்டார்கள்.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரைப் புரட்டுகிற உங்களில் பலருக்கு அக்காவைக் கோயில் பாட்டுக்குழுவில் தெரியும். எனக்குத் தெரிந்தது கந்தோர் அக்கா. ஆட்சேர்ப்புப் பிரிவின் தலைவி. மென்பொருள் எழுதுகிறவனுக்கு எந்த ஊரிலும் வேலை கிடைக்கும். ஆகவே நிறுவனங்கள் வேலையைக் காட்டுவதில்லை, ஊரைக் காட்டுகின்றன. அக்காவின் தொழில் எங்கள் மொன்றியல் நகரத்தை விற்பது. என் தொழில் அதற்குச் சொல் அடுக்குவது.

'இரண்டு மொழிகளில் புன்னகைக்கும் நகரம்' என்று ஒருமுறை எழுதிக்கொண்டு போனேன். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, கோயில் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிற குரலில் அதை வாசித்தார்.

"டேய், வாசலிலை வரவேற்க ரெண்டு மொழி. உள்ளுக்கை பதவி உயர்வு கேட்டுப் போனால் பிரெஞ்சு ஒண்டுதான். அதையும் போடன்."

"போட்டால் என்னை வேலையாலை நிப்பாட்டுவாங்கள் அக்கா."

"நிப்பாட்டட்டும். உன்ரை பொய்யைவிட உன்ரை தமிழ் பரவாயில்லை. ஏதாவது பத்திரிகையிலை சேர்."

பிறகு அவரே அந்த வரிக்கு ஒப்புதல் போட்டார். அதுவும் நடந்தது.

வேலைக்குத் தெரிவாகக்கூடியவர்களை ஊர் பார்க்க அழைப்பது எங்கள் வழக்கம். யூன் தொடங்கினால் அழைப்போம், செப்டெம்பரோடு நிறுத்திவிடுவோம். பெப்ரவரியில் ஒருவரையும் அழைத்ததாக எனக்கு நினைவில்லை. மலையுச்சி, பழைய துறைமுகம், சுவரோவியத் தெரு, இசைவிழா என்று ஒரு பாதை. இடையில் எந்த வீதியைக் கிண்டிப்போட்டிருக்கிறார்கள் என்று அக்கா முதல்நாளே போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஒருமுறை சென்னையிலிருந்து வந்த ஒருவரின் மனைவி, பூச்சட்டி வைத்த பல்கனிகளை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "மேடம், நீங்க எல்லாரும் இங்கதான் இருக்கீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரோவியத்தைப் பார்த்தேன்.

"இது படம் எடுக்கிற இடம் பிள்ளை. நாங்கள் எல்லாரும் நகரத்துக்கு வெளியிலை. நான் லவாலிலை இருக்கிறன். எங்கடை முதலாளி கர்க்லாண்டிலை. இந்தா நிக்கிறாரே கவிஞர், 'நாங்கள் வாழும் நகரம்' எண்டு எழுதினவர், இவர் ஆத்துக்கு அங்காலை, புரோசார்ட்டிலை."

விற்றது எங்களுக்கு வாய்க்காத சரக்கு. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அக்காவின் லவால் வீட்டு நிலவறைக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு நீளக் கம்பி நிறையப் பழைய குளிர்கோட்டுகள் தொங்கும். கோயிலில் கேட்டு, அயலில் கேட்டு, சிலவேளை பறித்தும் சேர்த்தவை. எங்கள் யூலைப் படங்களை நம்பி, நவம்பரில் மெல்லிய ஜக்கெற்றோடு வந்திறங்குகிறவர்களை முதற் சனிக்கிழமையே அங்கே இழுத்துக்கொண்டு போவார். "நான் சொன்ன பொய்க்கு நான்தான் கோட் போடோணும்" என்பார். அப்படிக் கோட் வாங்கியவர்களில் ஒருவர் கார்த்திக். சென்னைத் தம்பி. அக்கா நோயில் விழுந்தபின் அவருடைய நாற்காலியில் இருப்பவர்.

அடக்கம் முடிந்த மறுநாள் கார்த்திக் என் மேசைக்கு வந்தார்.

"சார், மேடம் பத்தி ஒரு நாலு லைன் வேணும். வேலைவாய்ப்புப் பக்கத்துல போடறோம். கொஞ்சம் சிட்டியோட வைப் வரணும்."

மேலிடம் அனுப்பிய மாதிரியையும் காட்டினார். 'மொன்றியலின் இதமான இதயம் ஒன்று ஓய்ந்தது. அந்த இதயத்தில் உங்களுக்கும் இடமுண்டு.' அதற்குக் கீழே 'விண்ணப்பிக்க' என்று பச்சைப் பொத்தான். எத்தனையோ வருடம் இந்தச் சாக்கடையில்தான் நீந்தியிருக்கிறேன். ஆனாலும் அன்றுதான் அதன் நாற்றம் மூக்கில் ஏறியது.

அன்ரன் அண்ணைக்கு எப்படியோ செய்தி எட்டிவிட்டது. பின்னேரம் அழைத்தார்.

"தம்பி, உயிரோடை இருக்கேக்கை சனத்தைக் கூப்பிட்டவ, சரி, அது சம்பளத்துக்கு. செத்த பிறகும் அவவை வைச்சுக் கூப்பிடவேண்டாம் எண்டு சொல்லும். நான் கேக்கிறது இதொண்டுதான்."

நான் முடியாது என்றால் கார்த்திக் செயற்கை அறிவு இயந்திரத்திடம் கொடுத்து எழுதிவிடுவார். அது என்னைவிட இனிப்பாகவே எழுதும். ஆகவே முடியாது என்று சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தேன்:

'ரெஜினா எங்கள் நகரத்தை உலகுக்குக் காட்டினார். அவர் காட்டாதது குளிர்காலம். அதற்காகத் தம் வீட்டில் கோட்டுகள் சேர்த்து வைத்திருந்தார். அவர் இப்போது இல்லை, வருகிறவர்கள் கோட்டோடு வரவும்.'

கார்த்திக் இரண்டுதரம் வாசித்தார்.

"சார், இதைப் போட்டா ஒருத்தரும் வரமாட்டாங்க."

"நீர் வந்தனீர்தானே?"

"நான் உங்க பிரோஷரப் பாத்துட்டுல்ல சார் வந்தேன்." குனிந்து தாளை இன்னொருமுறை பார்த்தார். "அந்தக் கோட் இன்னும் எங்கிட்டதான் இருக்கு." தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அந்தப் பக்கத்தில் அஞ்சலி வரவில்லை. மேலிடத்தில் என்ன சொல்லிச் சமாளித்தார் என்று நான் கேட்கவில்லை.

என்னிடமும் அக்காவின் கோட் ஒன்று இருக்கிறது. படப்பிடிப்புக்கென்று நிலவறையிலிருந்து நான் இரவல் வாங்கியது, வியர்வையில் ஊறியது. திருப்பிக் கொடுக்கப்போவதில்லை. இனி ஒரு வரி எழுதுமுன் அதைப் போட்டுக்கொண்டு, அக்காவின் பூசைக்குரலில் ஒருமுறை வாசித்துப் பார்ப்பேன். அருவருத்தால் கிழிப்பேன். அவ்வளவுதான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது.

இந்த மலரின் அட்டையில் அக்கா பனிக்குள் நின்று வாய்விட்டுச் சிரிக்கிறாரே, அது எங்கள் பழைய விளம்பரம் ஒன்றுக்காக ஓகஸ்ட் மாதத்தில் எடுத்த படம். பனி சவர்க்கார நுரை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, அதைத்தான் அட்டையில் போடவேண்டும் என்று சொன்னவர் அக்காவேதான். "இதிலைதான் கொஞ்சம் மெலிஞ்சு தெரியிறன்" என்றாராம்.