எங்கள் கொண்டைக்கு மட்டும் பெரிய வலை

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ, நல்ல பனிக்காலம். மொன்றியலில், டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் சமையற்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் பகுதியில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்துப் பெண்கள். மேற்பார்வையாளரும் எங்களூர்க்காரர்தான், எல்லோருக்கும் அண்ணை.

எனக்குப் பக்கத்தில் தட்டு அடுக்கியவள் ஹைட்டி நாட்டுக் கறுப்பினப் பெண். செயின்ட்-மிஷேலிலிருந்து பஸ்ஸும் மெட்ரோவும் மாறி வருவாள், ஒருநாளும் பிந்தியதில்லை. தலை முழுக்கச் சின்னச் சின்னப் பின்னல்கள். அந்தக் கிழமையோடு அவளுடைய தகுதிகாண் காலம் முடிந்து வேலை நிரந்தரமாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை, உடுப்பு மாற்றும் அறை வாசலில் அண்ணை அவளை மறித்தார். சமையற்கூடத்தில் எல்லோரும் போடவேண்டிய தலைவலைக்குள் முடி அடங்கவில்லையாம். பின்னலை வெட்டிவிட்டு வா, இல்லையென்றால் திங்கட்கிழமை வரவேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பெரிய வலை தாருங்கள் என்று அவள் கேட்டாள். இல்லை என்றுவிட்டு, அங்கே நின்ற என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

“உதுகளின்ர தலை எப்பிடியும் ஊத்தைதான், தங்கச்சி.”

அவளை முன்னால் வைத்துக்கொண்டே! மொழி விளங்காவிட்டாலும் முகம் விளங்காதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பின்னல் இடுப்புக்குக் கீழே வரும். எங்கள் கொண்டைகளுக்கென்று பெரிய வலைகள் எடுப்பித்து அலுமாரியில் அடுக்கி வைத்தவரே இந்த அண்ணைதான்.

வலையைக் கழற்றிக் கொண்டையை அவிழ்த்து விட்டேன்.

“அப்ப என்ர தலைமயிரையும் வெட்டுங்கோ அண்ணை. நான் நல்லெண்ணெய் வைச்சுக்கொண்டு வந்திருக்கிறன். ஆர் ஊத்தை?”

“நீர் ஏன் உதுக்குள்ள வாறீர்?”

“நாளைக்கு வெள்ளைக்காரன் எங்கட எண்ணெய் மணக்குதெண்டு எங்களை வேலையால நிப்பாட்டினா, என்ன சொல்லுவியள்?”

அண்ணை அலுமாரியைத் திறந்து ஒரு வலையை எடுத்தார். அதையும் அவள் கையில் கொடுக்க மனம் வரவில்லை. என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

பின்னல்கள் அத்தனையும் அதற்குள் அழகாக அடங்கின. அவள் எனக்கு ‘மெர்சி’ என்று நன்றி சொல்லவில்லை. “நான் வந்த நாளிலிருந்து கேட்கிறேன். நீ சத்தம் போட்டதும் வந்துவிட்டது” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

அவளுக்கு வேலை நிரந்தரமானது. ஆனாலும் எனக்கு இன்றுவரை ஆறவில்லை: நான் கேட்காமலே எனக்குக் கிடைத்த ஒரு வலைக்கு, அவளுடைய சொல் போதாமல் என் சத்தம் தேவைப்பட்டதே!