வாணியம்பாடியில் இறங்கினோம்

சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கப் போன அன்று, மாப்பிள்ளையும் நானும் மட்டும் பாதி வழியில் இறங்கிவிட்டோம். எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். அந்தப் பழி வெகுநாள் என் தலையில்தான் இருந்தது.

சித்தப்பா என் அப்பாவின் கடைசித் தம்பி. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. தண்ணீரில் ஊறிக் கனத்த மாட்டுத் தோலைத் தனி ஆளாகத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். தெருவில் மாடு மிரண்டால் அவரைத்தான் தேடி வருவார்கள். அவருக்குப் போய் ரயிலில் ஏதாவது ஆகும் என்று யார் நினைப்பார்கள்?

பெண் வீடு திருப்பத்தூரில். பெண்ணின் அப்பாவுக்கு ரயில்பாதை பராமரிக்கும் வேலை; தண்டவாளத்தை ஒட்டிய குடியிருப்பில்தான் வீடு. எங்கள் வீட்டார் எல்லோரும் ஒரு பெட்டியில் அடைந்துகொள்ள, இடமில்லாமல் சித்தப்பாவும் நானும் அடுத்த பெட்டியில் ஏறினோம். அங்கேயும் நெரிசல்தான். கரித்தூள் கண்ணில் விழுகிறதென்று யாரோ ஜன்னல் பலகையை இறக்கிவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவின் கை என் கையை இறுக்கியது. நிமிர்ந்து பார்த்தேன். புதுச்சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. வெகுதூரம் ஓடி வந்தவரைப் போல மூச்சு வாங்கினார்.

"இன்னா சித்தப்பா?" என்றேன். வாணியம்பாடியில் வண்டி நின்றதும், ஆட்களை விலக்கி என்னையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். எங்கள் வீட்டாரைச் சுமந்துகொண்டு ரயில் போய்விட்டது.

பாலாற்று மணலுக்கு வந்துதான் உட்கார்ந்தார். கையால் மணலைத் தோண்டினார். ஈரம் தெரிந்தது, பிறகு தண்ணீர் ஊறியது. அதற்குள் இரண்டு காலையும் வைத்துக்கொண்டார்.

"நெஞ்சு வெடிச்சிடும் போல கீது பாப்பா. நீ எதுனா பேசிக்கினே இரு."

"இன்னா பேசறது?"

"நம்ம வூட்ல இன்னா இன்னா கீதுன்னு சொல்லு. மெதுவா சொல்லு."

நான் வாசல் கதவிலிருந்து தொடங்கினேன். கொடியில் தொங்கும் துணி, மூலையில் சாத்திய உலக்கை, காது உடைந்த அண்டா என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் சூடான கஞ்சியை ஊதுகிற மாதிரி வாயைக் குவித்து நீளமாக மூச்சை விட்டுக்கொண்டிருந்தார். நடுவில், "முன்னாடியும் வந்துது, போய்டிச்சி. இதுவும் போய்டும்" என்றார். ரயிலைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

கொல்லையில் இருக்கும் கோழிகளுக்கு வந்தபோது, "மொட்டவால் கோழிய வுட்டுட்டியே" என்றார். குரல் பழையபடி இருந்தது. அதன் பிறகும் எழுந்திருக்காமல், காலைத் தண்ணீரில் வைத்தபடி எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ரயிலுக்குப் போகலாமா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டை இறக்கிவிட்டுத் திருப்பத்தூருக்குத் திரும்பிய காலி மாட்டுவண்டி ஒன்று கிடைத்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. மாப்பிள்ளை ஓடிப்போய்விட்டான் என்றே பெண் வீட்டார் முடிவுகட்டியிருந்தார்கள். பெண்ணின் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "இவ வாந்தி எடுத்திருப்பா. அதான் எறக்கி இருக்காரு" என்று அவளே தீர்ப்புச் சொன்னாள். எல்லோருடைய முகமும் தெளிந்தது. சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அழுகை முட்டியது. கொல்லைப்பக்கம் போனேன். அங்கே பெண், கலைந்த பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டதுதான் தாமதம், நான் வாந்தியே எடுக்கவில்லை என்று ஆரம்பித்து, இறுக்கிய கை, நனைந்த சட்டை, பாலாற்று ஊற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் பூவைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்புறம் எப்டி சரியாச்சி?" என்றாள். அதையும் சொன்னேன். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"இத வேற யார்கிட்டயும் சொல்ல வேணாம், இன்னா?"

சரி என்றேன். ஆனாலும், பெண்ணுக்குச் சம்மதமா என்று உள்ளே கேட்டபோது அவள் உடனே தலையாட்டியது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

கல்யாணம் திருப்பத்தூரிலேயே நடந்தது. மறுநாள் ஆம்பூருக்குப் புறப்படும்போது, புதுச் சித்தி என் அம்மாவிடம் வந்து தனக்கு ரயில் ஒத்துக்காது, தலை சுற்றும், மாட்டுவண்டியிலேயே வருகிறேன் என்றாள். தண்டவாளத்துப் பக்கத்திலேயே வளர்ந்தவளுக்கு ரயில் ஒத்துக்காதாமா, வந்ததும் வராததுமாகப் பேஜார் பண்ணுகிறாள் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் முணுமுணுத்தார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மற்றவர்கள் ரயிலுக்குப் போனார்கள். சித்தி, சித்தப்பா, நான் மூன்று பேரும் மாட்டுவண்டியில் ஏறினோம்.

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ரயிலில் பயப்பட ஒன்றுமே இல்லை, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தால் போதும் என்று வழி நெடுக அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தேன். சித்தப்பா மாடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் சொன்னதற்கெல்லாம் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டு வந்தாள்.