உச்சிவெயிலில் கூப்பிட்ட குரல்

"ஸ்தமாத்தா!"

கார் கிறீச்சிட்டு நின்றது. எழுந்த புழுதி கண்ணாடியை மூடியது.

"ஏன்டி இப்படிக் கத்துற? வண்டி கடலுக்குள்ள போயிருக்கும்" என்றான் த்ராசோஸ்.

"நான் எங்க கத்துனேன்? யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க."

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். இது நடந்தது. பட்டப்பகலில் இரண்டு பேர் காதிலும் விழுந்தது.

கிரேக்க மொழியில் ஸ்தமாத்தா என்றால் 'நிறுத்து'. பெண்ணுக்கு வைக்கிற பெயரும் அதுதான். அவளுக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. சாவு இத்தோடு நிற்கட்டும் என்று பெற்றவர்கள் நான்காவதுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அவன் காதில் கட்டளையாக விழுந்தது அவள் காதில் பெயராக விழுந்தது.

அவளுக்கு இப்போது ஏழு மாதம். குழந்தை வந்துவிட்டால் அசைய முடியாது என்று கடலோரமாக ஒரு சுற்றுக் கிளம்பியிருந்தார்கள். நேற்று நாஃப்பிலியோவில் கோட்டை பார்த்தார்கள். குழந்தைக்கான கார் இருக்கையும் அங்கேதான் வாங்கியது. பிறக்கும் முன்னே எதையும் வாங்கக் கூடாது என்று அவள் முனகியதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் பின்சீட்டில் மாட்டிவிட்டான்.

இன்று காலை எபிடாவ்ரோஸின் பழைய கல் அரங்கம். கீழே நின்று முணுமுணுத்தால் மேல் படி வரை கேட்கும். த்ராசோஸ் கீழேயிருந்து "பூசணிக்காய்" என்று முணுமுணுத்தான். படியில் உட்கார்ந்திருந்த அவள் ஐந்து விரலையும் விரித்து அவன் முகத்துக்கு நேராகக் காட்டினாள். அந்த ஊரில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

சிரித்துக்கொண்டே இறங்கும்போதுதான் உறைத்தது. விடிந்ததிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை. அவனிடம் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் உண்மையாகிவிடும் போலிருந்தது. இரவு தங்கப்போகும் லெயோனீதியோ ஊர் போனதும் டாக்டரிடம் போய்விடலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

இப்போது த்ராசோஸ் இறங்கி, பள்ளத்தை எட்டிப் பார்த்தபடி நடந்தான். சாலையில் ஆளில்லை. சாப்பிட்டுவிட்டு ஊரே தூங்கும் நேரம். அதுவரை காதைத் துளைத்துக்கொண்டிருந்த சிள்வண்டுகள்... ஒன்றுகூடக் கத்தவில்லை.

வளைவில் ஒரு தகரக் கோயில், புறாக்கூண்டு அளவுக்கு. விபத்தில் யாராவது செத்த இடத்தில் அப்படித்தான் வைப்பார்கள். உள்ளே எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

யார் ஏற்றியது?

உச்சிவெயிலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது முறைதான் பதில் கொடுக்க வேண்டும் என்று அவள் அம்மா சொல்வாள். மனிதர்கள் மூன்று முறை கூப்பிடுவார்கள். மற்றவை இரண்டோடு நிறுத்திக்கொள்ளும்.

"ஸ்தமாத்தா..."

இரண்டாவது முறை. பக்கத்தில். பிள்ளையைத் தேடும் தாயின் குரல்.

வயிற்றில் ஓர் உதை.

அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இன்னொன்று... இன்னொரு உதை...

வரவில்லை. மூன்றாவது முறை யாரும் கூப்பிடவும் இல்லை.

வயிறு கல்லாகக் கிடந்தது.

அவள் கண்ணை மூடினாள்.

"இங்க இருக்கேன்" என்றாள்.

பின்சீட்டில் 'க்ளிக்'.

விளக்கு அணைந்தது.

வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது.

பள்ளத்தில் யாரையும் காணாமல் த்ராசோஸ் ஓடி வந்து வண்டியை எடுத்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். குழந்தை இருக்கையின் உறை பிரியவில்லை. உள்ளே பெல்ட் மட்டும் பூட்டியிருந்தது.

அடுத்த ஊரில் காபிக்கடை வைத்திருந்த பனொரேயா, கேட்டதும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அந்த வளைவில் வெகுநாளுக்கு முன் ஒரு குடும்பம் காரோடு கடலில் விழுந்தது. எதிரே லாரியைக் கண்டதும் தாய், 'நிறுத்து' என்று அலறினாள். பின்சீட்டில் இருந்த மகள் பெயரும் ஸ்தமாத்தா. சீட்டில் ஏறி நிற்காதே என்று வழியெல்லாம் தாயிடம் பெயர் சொல்லி அதட்டல் வாங்கியவள். இதுவும் அந்த அதட்டல்தான் என்று நினைத்துத் தகப்பன் மகளைத் திரும்பிப் பார்த்தான். தகப்பன் மட்டும் பிழைத்தான், அதைச் சொல்வதற்கு. தாயின் உடல் கிடைத்தது. மகள் கிடைக்கவேயில்லை.

"கூப்பிட்டா கூப்பிட்டுட்டுப் போறா, பாவம். நீ பதில் குடுக்கலயே, மகளே?"

"இல்ல" என்றாள் ஸ்தமாத்தா.

பெண் பிறந்தது. முழு ஆரோக்கியம். ஞானஸ்நானம் வரை பிள்ளைக்குப் பெயர் கிடையாது, வெறும் 'பேபா'தான். த்ராசோஸின் அம்மா பெயரான எவந்தியாவை வைப்பதாக ஏற்பாடு. ஒன்றேகால் வயது வரை பிள்ளை ஒரு சொல்கூடப் பேசவில்லை.

ஞானஸ்நானத்தன்று கோயிலுக்குப் போகும் வழியில் நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தது. ஸ்தமாத்தா தன்னை மறந்து அலறினாள்.

"ஸ்தமாத்தா!"

த்ராசோஸ் பிரேக்கை மிதித்தான். பிள்ளைக்கு என்னவோ என்று பதறித் திரும்பினான்.

பின்சீட்டிலிருந்து, தெளிவாக, நிதானமாக ஒரு குரல் வந்தது.

"இங்க இருக்கேம்மா. அப்பா என்னைத் திரும்பிப் பாக்க வேணாம்... இந்தத் தடவையாவது ரோட்டைப் பாக்கட்டும்."