எந்த மெஷின் போதும்

வெங்கடகிருஷ்ணன் ஸ்கேலை ஒரு வரி கீழே இறக்குகிறார். உதடு அசைகிறது. ஓரத்தில் பென்சிலால் ஒரு வருஷத்தைக் குறிக்கிறார். மறுபடி ஒரு வரி. ஆபீஸில் எல்லாரும் திரையில் பார்ப்பதை இவர் மட்டும் அச்செடுத்துத்தான் பார்ப்பார். மத்தியானச் சாப்பாடு டப்பாவில் அப்படியே இருக்கிறது.

ஸ்ரீவராகத்திலிருந்து கழக்கூட்டத்துக்கு இரண்டு பஸ் மாறி வரும் இவருக்கு வயது ஐம்பத்தேழு. வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளின் மெயின்ஃபிரேம் கம்ப்யூட்டர்களில் ஓடும் அசெம்பிளர் புரோகிராம்களைப் படித்து, அவை ஓடக் குறைந்தபட்சம் எந்த மெஷின் வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது வேலை. ஒவ்வொரு கட்டளையும் ஏதோ ஒரு வருஷத்து மெஷினோடு வந்தது. ஆயிரம் வரி பழையதாக இருந்து ஒன்றே ஒன்று புதியதென்றாலும், பழைய மெஷின் அந்த இடத்தில் படுத்துவிடும். "ஒத்தை வரி போறும், மானத்தை வாங்கறதுக்கு" என்பார்.

வாங்கியும்விட்டது. போன வருஷம் 'பழைய மெஷின் போதும்' என்று இவர் கையெழுத்துப் போட, அதை நம்பி ஒரு கம்பெனி புது மெஷினைத் திருப்பி அனுப்பிவிட்டது. மேக்ரோ என்பது காகிதத்தில் ஒரு வரி. உள்ளே இருபது வரியாக விரியும். விரிவை அச்சிடாதே என்று அந்தப் புரோகிராமிலேயே ஒரு குறிப்பு இருந்திருக்கிறது. முப்பது வருஷ அனுபவஸ்தர் அதைக் கவனிக்கவில்லை, ஐயோ! அச்சில் வராத இருபதில் ஒன்று புதியது. அங்கே இரண்டு நாள் எல்லாம் நின்றுபோயிற்று. இங்கே யாரும் இவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இன்று ஐந்து மணிக்குள் வேறொரு கம்பெனிக்குப் பதில் போக வேண்டும். பழைய மெஷின் போதுமென்றால் வேலை தொடரும். புதியதுதான் வேண்டுமென்றால், வாங்க அவர்களுக்கு வக்கில்லை, ஒப்பந்தத்தையே விட்டுவிடுவார்கள். இந்த அறையில் நாலு பேருக்கு வேலை போய்விடும். பக்கத்து மேசை மலையாளப் பெண் ஜினியும் அதில் ஒருத்தி.

"மேக்ரோ எல்லாம் விரிச்சு நாலு பிராவசியம் பாத்தாச்சு சாரே. பழசே மதி, போதும். ஒப்பு போடுங்கோ" என்கிறாள் ஜினி.

"நேக்கும் தெரியறது ஜினி. அதுல புதுசா ஒண்ணும் இல்லை. நன்னாத் தெரியறது. கை வரமாட்டேங்கறதே, நான் என்ன பண்ணுவேன்?"

ஐந்தடிக்கப் பத்து நிமிஷம். பதில் தாளில் ஜினி எழுதிவைத்த பழைய மெஷினின் பெயரைக் கோடு போட்டு அடிக்கிறார். அதற்கு மேலே, சந்தையில் இருப்பதிலேயே புதிய மெஷினின் பெயரை எழுதுகிறார். அதில் எதுவும் ஓடும்; யாரும் இவரைக் குற்றம் சொல்ல முடியாது. கையெழுத்தும் போட்டாகிவிட்டது. ஜினி எட்டிப் பார்க்கிறாள். அவர் காகிதத்தைக் கவிழ்த்து, அதன்மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொள்கிறார்.