எஞ்சினுக்குப் போன மயக்க மருந்து

எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும் அந்த எஞ்சின். அலுமினிய உடம்பு, தலையைச் சுற்றி வரிவரியாகத் தகடுகள், பக்கவாட்டில் புகை போக ஓர் ஓட்டை. டாக்டரின் மகன் போன மாதம் அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். அப்பாவுக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். “அப்பாகிட்ட வேலை பாத்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. அந்த ஏரோப்ளேன் கதைய எழுதிக் குடுங்க, படிக்க நல்லா இருக்கும்” என்றார். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். படிக்க நன்றாக இருக்குமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் அந்த டாக்டரின் கிளினிக்கில் நான் கம்பவுண்டர். டாக்டருக்குக் கைராசிக்காரர் என்று பேர். செங்கத்திலிருந்தும் கீழ்பென்னாத்தூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். தொட்டுப் பார்த்தே எலும்பு எங்கே முறிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. அவ்வளவு தெரிந்த மனிதர் என்பதால்தான் என் கோபம் இத்தனை வருஷமாகியும் ஆறவில்லை.

ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது, காய்ச்சலைக் குணப்படுத்தியதற்காக இவருக்கு ஒரு பொம்மை விமானத்தையும் அந்த எஞ்சினையும் கொடுத்துவிட்டுப் போனார். அதோடு டாக்டருக்குப் பைத்தியம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்கம் ரோட்டை ஒட்டிய பொட்டலுக்குப் போவார். விமானத்தோடு கட்டிய இரண்டு மெல்லிய கம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நடுவில் நின்று சுழல, விமானம் அவரைச் சுற்றிச் சுற்றிக் காது கிழியக் கத்திக்கொண்டு பறக்கும். கிரிவலம் போகிறவர்கள்கூட மலையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முதல் நாள் பார்த்தபோது நானும் வாயைப் பிளந்தவன்தான்.

அந்த எஞ்சினுக்கு மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய், ஈதர் மூன்றும் சம அளவில் கலந்து ஊற்ற வேண்டும். விளக்கெண்ணெய் பேதிக்குக் கொடுப்பதற்காக எங்கள் அலமாரியில் இருந்தது. ஈதரும் இருந்தது, எலும்பைக் கூட்டும்போது நோயாளியை மயக்குவதற்கு எங்களிடம் இருந்த ஒரே மருந்து அதுதான். வினை அங்கே ஆரம்பித்தது. இருமல் மிக்சர் கலக்கும் அதே அளவுக் கண்ணாடியில் விமானத்துக்கும் நான்தான் கலந்து கொடுக்க வேண்டும்.

பறப்பது அவர் வேலை, துடைப்பது என் வேலை. விளக்கெண்ணெய் சூட்டில் வெந்து, முதலில் தேன் நிறத்தில் பிசினாகப் படியும். அடுத்த வாரம் அது பழுப்பாகும். அப்புறம் அடிப்பிடித்த பால் பாத்திரம் மாதிரி கறுத்து இறுகிவிடும். தகடுகளின் இடுக்கில் துணி நுழையாது, நகமும் நுழையாது. புகை ஓட்டை அடைத்துக்கொள்ளும். உள்ளே பிஸ்டன் ஒட்டிக்கொண்டு அசைய மறுக்கும். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன், அசையவில்லை. ஊசிகளை வேகவைக்கும் தட்டில் வழக்கம்போல வாஷிங் சோடா போட்டு இதையும் கொதிக்க வைத்தேன். கறை கொஞ்சம் இளகியது, ஆனால் பளபளவென்றிருந்த அலுமினியம் கரிச்சட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. அது எனக்குத் தெரியாமல் நடந்த தப்பு. டாக்டர் நோயாளிகள் நடுவே வைத்து என்னைக் கிழித்தார். “இனிமே ஈதர்ல நனைச்சுத் துடை. மூங்கில் குச்சியால நோண்டு. வேற எதுவும் அதுமேல படக்கூடாது” என்றார்.

ஈதர் அந்தக் கறையை இலேசில் கரைக்காது. ஊறுவதற்குள் காற்றில் பறந்துவிடும். மறுபடி ஊற்ற வேண்டும், மறுபடி பறக்கும். ஸ்பிரிட்டில் நாலு நாள் சும்மா ஊறப்போட்டிருந்தால் பல் தேய்க்கும் பிரஷ்ஷாலேயே போயிருக்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நாலு நாள் பொறுக்க அவருக்கு ஏது நேரம்?

ஒரு சனிக்கிழமை எஞ்சின் முழுக்க இறுகிப்போய் நின்றுவிட்டது. மறுநாள் மதராஸிலிருந்து அவருடைய சிநேகிதர்கள் விமானத்தைப் பார்க்க வருகிறார்கள். சாயங்காலத்துக்குள் அது புதுசு மாதிரி ஆக வேண்டும் என்றார்.

“சார், ஈதர் ஒரே ஒரு பாட்டில்தான் இருக்கு. அடுத்தது வேலூர்லேர்ந்து வர செவ்வாக்கெழமை ஆவும்” என்றேன்.

“ரெண்டு நாள்ல என்னய்யா ஆயிடப் போவுது? ஊத்து” என்றார்.

ஊற்றினேன். பாதிப் பாட்டில் கறையோடு போயிற்று. மீதியை ஞாயிற்றுக்கிழமை காலையில் எரிபொருளில் கலந்தேன். விமானம் நன்றாகத்தான் பறந்தது. மதராஸ்காரர்கள் கை தட்டினார்கள்.

நாங்கள் திரும்பி வந்தபோது கிளினிக் வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றது. கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெண், இருபது வயது இருக்கும். மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய வண்டியிலிருந்து விழுந்து, வலக்கையில் முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, கை வளைந்து தொங்கியது. கூட அவள் அம்மா. டாக்டர் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என்ன கேட்கப் போகிறார் என்பது எனக்குத் தெரியும், நான் என்ன சொல்வேன் என்பது அவருக்கும் தெரியும்.

நாலு தெரு தள்ளிப் பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. வண்டியை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பினால், உங்களிடம் ஏன் மயக்க மருந்து இல்லை என்று அங்கே கேட்பார்கள். அவர் அந்த அம்மாவிடம் திரும்பி, “மயக்க மருந்து வாங்கி வைக்கச் சொன்னேன், கம்பவுண்டர் மறந்துட்டான். பரவால்ல, பல்லக் கடிச்சிக்கினு ஒரு நிமிஷம் பொறுத்துக்கச் சொல்லு” என்றார். குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. சட்டையில் விளக்கெண்ணெய்த் தெறிப்பு அப்படியே இருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. மேல் கையை நான் பிடித்துக்கொள்ள, அவர் கீழே இழுத்தார். ஒரு நிமிஷம் என்றது எத்தனையோ நிமிஷம் ஆயிற்று. மயங்காத உடம்பு சும்மா இருக்குமா? தசை இறுகி எதிர்த்து இழுத்தது. எலும்பு சேர்வதும் நழுவுவதுமாக இருந்தது. அந்தப் பெண் முந்தானையைக் கடித்துக்கொண்டு துடித்தாள். கடைசியில் கிடைத்த நிலையிலேயே மாவுக்கட்டு போட்டுவிட்டார்.

கட்டைப் பிரித்தபோது கை கோணலாக இருந்தது. உள்ளங்கை தரையைப் பார்த்தபடி நின்றுவிட்டது, மேல்பக்கம் திரும்பவில்லை. “பழகப் பழகச் சரியாயிடும்” என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

இது மலரில் வராது என்று எனக்குத் தெரியும். ஏரோப்ளேன் டாக்டர் என்று படம் போடுவார்கள். போடட்டும். மகன் கொண்டுவந்த எஞ்சினில் இன்றைக்கும் தகட்டு இடுக்கில் கறுப்பு இருக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க, செத்துப்போன மனிதரிடம் போய்ச் சண்டை போடலாம் போல இருக்கிறது. ஒரு வார்த்தை, “என் தப்பு” என்று ஒரே ஒரு வார்த்தை, அவர் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன குறைந்து போயிருக்கும்? இதைக் கேட்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டுப் பிரித்து ஒரு மாதம் கழித்து அவள் மறுபடி வந்தாள். டாக்டர் அதே பதிலைச் சொல்லி அனுப்பினார். நான் தாழ்வாரம் வரைக்கும் கூடப் போனேன்.

“சோத்த அள்ளனா வாய்கிட்ட கை திரும்ப மாட்டேங்குதுண்ணா. இடக்கையாலதான் துன்றேன்” என்றாள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதை அவள் வேறுவிதமாக எடுத்துக்கொண்டாள்.

“நீங்க ஒண்ணும் மனசுல வச்சிக்காதீங்க. வேணும்னேவா மறந்தீங்க? வேலை ஜாஸ்தி, மறந்துட்டிருப்பீங்க.”

டாக்டர் அறை வாசல் திரைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்கும்.

“ஆமாம்மா, மறந்துட்டேன்” என்றேன்.

அவள் என்னைக் கும்பிடக் கையைத் தூக்கினாள். வலது உள்ளங்கை திரும்பவில்லை. கவிழ்ந்தே நின்ற அந்தக் கையின்மேல் இடக்கையை வைத்துக் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினாள்.